எல்பி இசைத்தட்டின் கடைசிப் பாட்டில் மட்டும் ‘ஸ’ கரகரக்கிறது: கார்ட்ரிட்ஜை மாற்றி வைக்கவா?

கேள்வி:
டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிளில் ஆடியோ-டெக்னிக்கா விஎம்95இ கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய சிறு பெட்டி) மாட்டியிருக்கிறேன். கம்பெனி தந்த அளவு கேஜில் வைத்து ஓவர்ஹேங் (ஊசி முனை தட்டின் நடுக்குச்சியைத் தாண்டி நிற்கும் தூரம்) பார்த்தாயிற்று. முதல் பாட்டு சுத்தம். லேபிளை நெருங்க நெருங்க ‘ஸ’, ‘ச’ எல்லாம் கரகரக்கிறது. பேர்வால்ட் அட்டையில் (கார்ட்ரிட்ஜின் இடமும் கோணமும் பார்க்க வேறொரு கணக்கில் கோடு போட்டது) ஊசியை வைத்தால் கோட்டோடு பொருந்தவில்லை. அட்டைப்படி மாற்றிவிடலாமா?

பதில் 1:
அட்டையை ஓரமாக வையுங்கள். அந்த கேஜ், ஊசி முனையை ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜ் மாட்டும் முனைப் பகுதி) வாஷரிலிருந்து 52 மி.மீ.யில் நிறுத்தும், ஓவர்ஹேங் 15 மி.மீ. அப்போது ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்பது, நடுவிலிருந்து 58.8, 113.5 மி.மீ. தூரங்களில். பேர்வால்டில் அவை 66, 120.9. ஆக, கம்பெனி கணக்கே கடைசிப் பாட்டுக்குச் சாதகமானதுதான். பேர்வால்டுக்குப் போக கிட்டத்தட்ட 3 மி.மீ. முன்னே தள்ளி, உள்பக்கமாக ஒன்றரை டிகிரிக்கு மேல் திருப்பவும் வேண்டும். வீண் வேலை.

கேஜ் தூரத்தை மட்டும்தான் சொல்லும், கார்ட்ரிட்ஜ் திரும்பியிருக்கும் கோணத்தைச் சொல்லாது. பெட்டியின் விளிம்பைப் பார்க்காதீர்கள், கேன்டிலீவரை (ஊசி முனையைத் தாங்கும் மெல்லிய தண்டு) பாருங்கள். ஊசிப் பகுதி சரியாக உட்காராமல் கேன்டிலீவர் கோணலாக நிற்பது உண்டு. ஸ்க்ரூக்கள் இரண்டையும், கார்ட்ரிட்ஜ் விரலால் தள்ளினால் நகரும் அளவுக்குத் தளர்த்தித் திருப்புங்கள். முறுக்கும்போது மறுபடி நகரும், ஆகவே இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக.

பதில் 2:
ஊசி தட்டை அழுத்தும் எடை எவ்வளவு? விஎம்95இ-க்கு 1.8 முதல் 2.2 கிராம், 2.0-வில் வையுங்கள். குறைத்து வைத்தால் தட்டு தேயாது என்று 1.5-க்கு இறக்குபவர்கள் உண்டு. அப்போதுதான் ஊசி பள்ளத்தில் துள்ளி, சுவரைச் சிதைக்கும். ஆன்டி-ஸ்கேட்டை (ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் அமைப்பு) பூஜ்யமாக்கி, ஆர்மைச் சமமாக மிதக்கவிட்டு, எடை டயலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, பிறகு எடையைத் திருப்புங்கள். டிஜிட்டல் தராசு இருந்தால், அதன் மேற்பரப்பு தட்டின் உயரத்தில் இருக்கட்டும். கார்ட்ரிட்ஜை நகர்த்தினால் எடையும் மாறும், மறுபடி பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
எடை 1.6 இருந்தது, 2.0 ஆக்கினேன். பாதி குறைந்தது. மீதி வலது ஸ்பீக்கரில்தான் கேட்கிறது.

பதில் 2:
அப்படியானால் ஆன்டி-ஸ்கேட் போதவில்லை. ஆர்ம் உள்நோக்கி இழுக்கப்படுவதால் ஊசி இடது சேனல் சுவரில் சாய்ந்து, வலது சுவரை விட்டுவிடுகிறது. 2-இல் வைத்துக் கேளுங்கள். போதாவிட்டால் அரை அரையாக ஏற்றுங்கள்.

பதில் 3:
இதற்குப் பிறகும் கொஞ்சம் மிச்சமிருந்தால் அது ஊசியின் எல்லை. 33⅓ வேகத்தில் தட்டின் ஓரத்தில் நொடிக்குச் சுமார் 510 மி.மீ. ஓடும் பள்ளம், லேபிளருகே 210 மி.மீ.தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி வெட்டப்பட்டிருக்கிறது. உங்களுடைய நீள்வட்ட முனை ஊசி அதில் திணறும். கார்ட்ரிட்ஜ் பாடியை மாற்ற வேண்டாம், அதே வரிசையின் மைக்ரோலீனியர் (இன்னும் மெல்லிய விளிம்புள்ள முனை) ஊசியை மட்டும் வாங்கிச் சொருகலாம்.