விழித்திருக்கும்போதே மூளைக் கட்டி ஆபரேஷன்: துஃபோ முறை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

கோவை அக்கா

தம்பி பிரான்ஸில் துலூஸில் வேலை பார்க்கிறான். ஆபீஸிலேயே வலிப்பு வந்து விழுந்துவிட்டான். அதற்கு முன் ஒரு தலைவலிகூடக் கிடையாது. எம்ஆர்ஐயில் முன்மூளையில் இடது பக்கம் கட்டி. பேச்சுக்கான இடத்தை ஒட்டி இருக்கிறதாம். மெதுவாக வளரும் கிளையோமா, வீரியத்தில் இரண்டாம் நிலை போலத் தெரிகிறது என்கிறார்கள்.

அங்கே பார்க்கும் சர்ஜன், மோன்பெலியே நகரத்து மூளை சர்ஜன் யூக் துஃபோவின் வழியில் செய்பவராம். ஆபரேஷன் நடுவில் எழுப்பிப் பேச வைப்பார்களாம். முடிந்தால் கட்டியைத் தாண்டியும் எடுப்போம், முடியாத இடத்தில் கட்டியையே விட்டுவிடுவோம் என்றாராம். இது என்ன கணக்கு என்று புரியவில்லை. "நல்லாத்தானே இருக்கான், எதுக்குத் தலையைத் திறக்கணும்?" என்று அம்மா கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை.

பொள்ளாச்சி

என் மாமாவுக்கு மெனிஞ்சியோமா. வருடா வருடம் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதோடு சரி, ஒன்றும் செய்யவில்லை. மெதுவாக வளர்வதென்றால் அவசரப்பட வேண்டாம் அக்கா.

பேச்சுப் பயிற்சி

மெனிஞ்சியோமாவை இதில் சேர்க்க வேண்டாம். அது மூளையை மூடியிருக்கும் சவ்வில் வளர்வது. மூளையை வெளியிலிருந்து அழுத்தும். கிளையோமா மூளைக்குள்ளேயே நரம்பிழைகளைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து பரவுவது. இரண்டாம் நிலைக் கட்டியின் விட்டம் சராசரியாக வருடத்துக்கு 4 மில்லிமீட்டர் கூடுகிறது. ஆளுக்கு ஒன்றும் தெரியாது, கட்டி மட்டும் நிற்காது. காலப்போக்கில் வீரியமான வகையாக மாறவும் செய்யும்.

அம்மா கேட்டதற்கு நார்வேயிலிருந்து ஒரு பதில் உண்டு. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் துளி திசு எடுத்துப் பார்த்துவிட்டுக் காத்திருப்பது வழக்கம். இன்னொன்றில் ஆரம்பத்திலேயே கட்டியை எடுத்துவிடுவது வழக்கம். யார் எங்கே போவது என்பதை வசிக்கும் ஊர்தான் தீர்மானித்தது. 2012-இல் இரண்டையும் ஒப்பிட்டு வெளியிட்டபோது, ஆரம்பத்திலேயே எடுத்த பக்கத்தில்தான் ஆட்கள் கூடுதல் காலம் வாழ்ந்திருந்தார்கள்.

இப்போது துஃபோ. நான் பேச்சு சிகிச்சையாளர், இப்படி விழிக்கவைத்துச் செய்யும் ஆபரேஷன்களில் நோயாளிக்கு எதிரே உட்கார்ந்து படம் காட்டுகிற ஆள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஸ்கேனில் தெரியும் விளிம்பு நோயின் விளிம்பு அல்ல. அதைத் தாண்டி ஓரிரு சென்டிமீட்டர் தள்ளியும் கட்டி செல்கள் கிடக்கும். எனவே படத்தைப் பார்த்துக் கோடு போட்டு வெட்டுவதில் அர்த்தமில்லை, மூளையின் வேலை எங்கே தொடங்குகிறதோ அதுதான் எல்லை என்கிறார் துஃபோ. வேலை குறுக்கிடும்வரை, கட்டியின் ஓரத்தைக் கடந்தும் எடுக்கலாம். குறுக்கிட்டால் கட்டி மிச்சமிருந்தாலும் நிறுத்த வேண்டும். தம்பியிடம் சொன்னது இதைத்தான்.

விழிக்கவைப்பது அந்த எல்லையைக் கண்டுபிடிக்கத்தான். இரண்டு முனைகள் 5 மி.மீ. இடைவெளியில் உள்ள ஒரு சிறு கருவியால் மூளையைத் தொட்டு மிகச் சிறிய மின்சாரம் கொடுப்பார்கள், ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் அளவில். சில வினாடிகளுக்கு மட்டும் அந்த இடம் மரத்துப்போகும். அதே நேரத்தில் நான் படம் காட்டுவேன். ஒவ்வொரு படத்துக்கும் "இது ஒரு" என்று தொடங்கித்தான் சொல்ல வேண்டும். "இது ஒரு" வந்து "நாற்காலி" வராவிட்டால் பெயர் தேடுவதில் தடங்கல். மொத்தமாக வாய் நின்றால் அது வேறு வகைத் தடங்கல். நாற்காலியை "மேசை" என்றால் பொருள் சம்பந்தப்பட்ட இழைக்கட்டு, அதாவது மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளின் கட்டு, பக்கத்தில் இருக்கிறது. "காநாற்லி" என்று ஒலி புரண்டால், வளைந்து போகும் இன்னொரு இழைக்கட்டு பக்கத்தில் இருக்கிறது. இதோடு வலது கையையும் மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்வோம், ஏனென்றால் நிஜ வாழ்க்கையில் யாரும் கையைக் கட்டிக்கொண்டு பேசுவதில்லை. சர்ஜனுக்கு என் படம் தெரியாது, நான் சொல்வதைக் கேட்டுத்தான் அந்த இடத்தில் எண் போட்ட குட்டிச் சீட்டை வைப்பார்.

1861-இல் பாரிஸில் புரோக்கா பேச்சுக்கென்று சுட்டிக்காட்டிய பகுதியில் இருந்த கட்டிகளையே துஃபோ எடுத்திருக்கிறார், நோயாளிகள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கட்டி வருடக்கணக்கில் மெல்ல வளர்வதால் சுற்றியுள்ள பகுதிகள் அந்த வேலையை எடுத்துக்கொள்ள அவகாசம் கிடைத்துவிடுகிறது. ஆழத்தில் இருக்கும் இழைக்கட்டுகளுக்கு மட்டும் அப்படி மாற்று ஏற்பாடு அநேகமாகக் கிடையாது. மேலே தெரு அடைத்தால் சந்து வழியாகப் போய்விடலாம், ஆற்றுப்பாலத்தையே இடித்தால் என்ன செய்வது? அங்கே மிச்சம் வைத்துவிட்டு, பயிற்சி கொடுத்து, சில வருடம் கழித்து மறுபடி திறந்து இன்னும் கொஞ்சம் எடுப்பதும் அவர் முறையில் உண்டு. மிச்சம் விட்டார்கள் என்றால் கைவிட்டார்கள் என்று வீட்டில் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குத் தயக்கம். மின்சாரத்தால் தொட்டுப் பார்த்துச் செய்வது நிரந்தரக் குறைகளைக் குறைக்கிறது என்பதில் சந்தேகமில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2012-இல் வெளிவந்த தொகுப்பாய்வில் பிற்காலக் கடும் குறை 3.4 சதவீதம், அப்படிச் செய்யாதபோது 8.2. ஆனால் கட்டியைத் தாண்டி எடுப்பதால் கிடைக்கும் ஆதாயத்துக்கு ஆதாரம் பெரும்பாலும் அவரவர் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து எழுதியதுதான். நம்பலாம், கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

கோவை அக்கா

நன்றி மேடம். வலிக்காதா? பாதியில் பயந்துவிட்டால்?

பேச்சுப் பயிற்சி

மூளைக்கு வலி தெரியாது. தலைத்தோலுக்கு மரப்பு ஊசி போட்டுவிடுவார்கள். திறக்கும்போதும் மூடும்போதும் தூங்க வைப்பது பல இடங்களில் வழக்கம். நடுவில் வலிப்பு வந்தால் மூளை மேல் ஐஸ் தண்ணீர் ஊற்றுவார்கள், பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். பயத்தைவிட அலுப்புதான் எங்களுக்குத் தொல்லை. ஓரிரண்டு மணி நேரத்தில் ஆள் சோர்ந்துபோய், எது சோர்வால் வந்த தப்பு, எது மின்சாரத்தால் வந்த தப்பு என்று பிரிப்பது கஷ்டமாகிவிடும்.

முடிந்த முதல் சில நாள் பேச்சு முன்பைவிடத் திணறலாம். போனில் கேட்டு அம்மா அழுதுவிடப் போகிறார், முன்பே சொல்லி வையுங்கள். பெரும்பாலோருக்குப் பயிற்சியோடு சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் திரும்பிவிடும்.

மருந்தாளர்

கூடவே வொராசிடெனிப் மாத்திரை பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். ஐடிஎச் மரபணு மாற்றம் உள்ள இரண்டாம் நிலைக் கட்டிக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு. 2023-இல் வந்த சோதனையில் கட்டி மறுபடி வளரத் தொடங்கும்வரை கிடைத்த இடைவெளி 27.7 மாதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 11.1. அமெரிக்காவில் 2024-இல் அனுமதி கிடைத்தது.

கோவை அக்கா

ரிப்போர்ட்டில் ஐடிஎச் என்று எதுவும் இல்லையே?

பேச்சுப் பயிற்சி

எடுத்த திசுவைச் சோதித்த பிறகுதான் உறுதியாகும். இப்போது கேட்க வேண்டியது வேறு. தம்பி வீட்டில் தமிழ், ஆபீஸில் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசுவான், இல்லையா? மூன்றையும் டீமிடம் சொல்லச் சொல்லுங்கள். ஒரு மொழி தப்பி இன்னொன்று அடிபடுவது உண்டு. தமிழ் தெரிந்த ஒருவர் முன்கூட்டியே அவனோடு உட்கார்ந்து எல்லாப் படத்துக்கும் அவன் சொல்லும் பெயரை எழுதி வைக்க வேண்டும், அப்போதே அவன் திணறும் படங்களை நீக்கிவிடலாம். கண்ணாடி போடுபவன் என்றால் அதையும் மறக்காமல் சொல்லட்டும்.

கோவை அக்கா

போடுவான். இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். படம் பார்க்க அவன் நண்பன் ஒருவனைக் கேட்டிருக்கிறேன், மதுரைக்காரன்.