பியர்பிளாக் போட்டுக் காவல் காத்த ராத்திரிகள்: உங்கள் கதையையும் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரன்

கடையை மாற்றும்போது பரண்மேல் கிடந்த பழைய சிபியூ ஒன்றை இறக்கினேன். தூசி தட்டிப் போட்டால் விண்டோஸ் எக்ஸ்பி இன்னும் உயிரோடு இருக்கிறது. மூலையில், டோரண்டுக்குக் காவலாகப் போட்ட பியர்பிளாக் மென்பொருளின் ஐகானைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

2010இல் ஐந்து சிஸ்டம் போட்டு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பகலில் பிள்ளைகள் ரிசல்ட் பார்க்க வருவார்கள், கல்யாணத் தரகர்கள் ஜாதகம் பிரிண்ட் எடுப்பார்கள். என் சொந்த வேலை ராத்திரி 2 மணிக்குத்தான் தொடங்கும். அப்போதைய பிஎஸ்என்எல் திட்டத்தில் இரவு 2 முதல் காலை 8 வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. 1.55க்கு அலாரம் வைத்து எழுந்து, டோரண்டை ஓடவிட்டு மறுபடி படுப்பேன். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் கேரள ஊரில் ஒரே வீட்டில் தமிழ்ப் படமும் ஓடும், மலையாளப் படமும் ஓடும், இரண்டுக்கும் கிராக்கி. என்னென்ன இறக்கினேன் என்று விலாவாரியாகச் சொல்லப் போவதில்லை. யோக்கியமான வேலை இல்லை, அவ்வளவுதான்.

கோவையில் இன்ஜினியரிங் படித்த அக்கா மகன் ஒரு சனிக்கிழமை வந்தான். "மாமா, இப்படித் திறந்து போட்டு ஓட்டறீங்களே, உங்க ஐபி ஊருக்கே தெரியுது" என்று பயமுறுத்திவிட்டு பியர்பிளாக்கைப் போட்டுக் கொடுத்தான். ஐபி என்றால் இணையத்தில் நம் இணைப்பின் முகவரி. அவன் சொன்னது பொய்யில்லை. டோரண்டில் ஒரு கோப்பைத் துண்டு துண்டாகப் பலரிடம் வாங்குகிறோம். வாங்க வேண்டுமானால் அவர்கள் முகவரி நமக்கும், நம் முகவரி அவர்களுக்கும் தெரிந்தாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் படக் கம்பெனிக்காகக் கணக்கெடுக்கிறவனும் வந்து உட்காரலாம். அப்படிப்பட்டவர்களுடையது என்று சந்தேகிக்கப்படும் ஐபி வரிசைகளைப் பட்டியலாக வைத்துக்கொண்டு, அந்த முகவரிகளோடு நம் கணினி பேசாமல் தடுப்பதுதான் பியர்பிளாக்கின் வேலை. முன்பு பியர்கார்டியன் என்று ஒன்று இருந்தது. அதன் மூல நிரலை எடுத்துத்தான் 2009இல் இதைக் கொண்டுவந்தார்கள்.

போட்ட முதல் ராத்திரி நான் தூங்கவே இல்லை. ஒவ்வொரு நொடியும் ஒரு வரி: நேரம், யாருடைய முகவரி, எந்தப் பக்கம், கடைசியில் 'தடுக்கப்பட்டது'. ஏதோ அமெரிக்கக் கம்பெனி, ஏதோ பல்கலைக்கழகம், ஒருமுறை ராணுவம் என்றுகூட வந்தது. இத்தனை பேரும் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிற என்னைத் தேடி வருகிறார்களா என்று பயமும் இருந்தது, சொன்னால் என்ன, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பெருமை இரண்டு வாரம்தான். ஒரு நாள் சாயங்காலம் எல்லா சிஸ்டமும் நிறைந்திருந்ததால், மேல்படிப்புக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் விண்ணப்பிக்க வந்த பெண்ணை என்னுடையதில் உட்காரவைத்தேன். அன்றுதான் கடைசித் தேதி. பக்கம் திறக்கவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டேன், ஒயரைக் கழற்றி மாட்டினேன், எக்ஸ்சேஞ்சுக்கு போன் போட்டுச் சத்தமும் போட்டேன். அந்தப் பெண் அழவில்லை. பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது அழுவதைவிட மோசமாக இருந்தது. பக்கத்து சிஸ்டத்தில் யாரையோ எழுப்பிவிட்டு அதில் முயன்றால் சட்டென்று திறக்கிறது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. முதலில் நிறுவும்போது எந்தெந்தப் பட்டியல் வேண்டும் என்று கேட்டது. விளம்பரம், உளவு மென்பொருள், கல்வி நிறுவனங்கள் என்று இருந்த எல்லாவற்றிலும் டிக் போட்டிருந்தேன். வலைப்பக்கங்களை மட்டும் எப்போதும் அனுமதி என்று ஒரு டிக் உண்டு. அதைப் போடவில்லை.

எங்கள் கோபாலபுரம் செக்போஸ்ட் மாதிரிதான் இதுவும். பெயர்ப் பலகை மாட்டிக்கொண்டு மெயின் ரோட்டில் வருகிற லாரியை நிறுத்தும். ரேஷன் அரிசி மூட்டை தென்னந்தோப்பு ஊடுவழியாகப் போய்க்கொண்டே இருக்கும்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும், எழுதுங்கள்.

புளியரை வளைவு

அண்ணா, செக்போஸ்ட் கதை எங்களுக்கும் பொருந்தும். நான் செங்கோட்டைப் பக்கம். 2012இல் கொல்லத்துக்கு அருகே ஒரு கல்லூரி ஹாஸ்டலில் இருந்தேன். அந்த வருஷம் கேரளப் போலீஸின் பைரசி தடுப்புப் பிரிவு, ஒரு மலையாளப் படத்தை இணையத்தில் பகிர்ந்ததாக ஆயிரத்துச் சொச்சம் பேர்மேல் வழக்குப் போட்டது நினைவிருக்கிறதா? யார் யார் பகிர்கிறார்கள் என்று ஐபியை வைத்துப் பிடிக்க கொச்சியில் ஒரு மென்பொருளே செய்திருக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. மெஸ்ஸில் அந்தப் பேப்பர் கைமாறிக் கைமாறிக் கிழிந்துபோனது.

அன்று ராத்திரியே ஹாஸ்டல் முழுக்க பியர்பிளாக். யோசித்துப் பாருங்கள், படத்தை இறக்கி, பார்த்து, மூன்று மாடிக்கும் பென்டிரைவில் விநியோகமும் செய்து முடித்த பிறகு! மழை விட்டபின் குடை வாங்கினது மாதிரி. அதற்குமேல் என் ஹார்ட் டிஸ்கை முறுக்கு டப்பாவில் போட்டு ஊருக்கு எடுத்துப் போனேன். புனலூர் செங்கோட்டை ரயில் பாதையை அகலமாக்குவதற்காக மூடியிருந்த காலம், பஸ்தான் கதி. ஆரியங்காவில் சோதனைக்கு ஏறிய போலீஸ்காரர் டப்பாவைத் திறக்கச் சொன்னார். மேலாக இருந்த முறுக்கில் இரண்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். என் உயிர் அந்த இரண்டு முறுக்கில் இருந்தது. டிஸ்க் சித்தி வீட்டு அரிசி டிரம்மில் எட்டு மாதம் கிடந்தது, யாரும் தேடி வரவில்லை.

அதே வருஷம் மே மாதம் இன்னொரு கூத்து. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தமிழ்ப் படத்துக்காக முன்பே தடையாணை வாங்கியிருந்தார்கள். ஆள் யாரென்று தெரியாத பிரதிவாதிக்கு நம் நீதிமன்றங்களில் 'அசோக் குமார்' என்று பெயர் வைப்பார்கள். அந்த ஆணையைக் காட்டி இணைய நிறுவனங்கள் விமியோ மாதிரி வீடியோத் தளங்களையே முழுசாக மூடிவிட்டன. குறிப்பிட்ட இணைப்புகளை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூனில் கோர்ட்டே தெளிவுபடுத்த வேண்டிவந்தது. எங்கள் மாடியில் நிஜமாகவே அந்தப் பெயரில் ஒருவன் இருந்தான். அவனை நாங்கள் படுத்திய பாடு தனிக் கதை.

பிறகு படித்தது: இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகக்காரர்கள் அதே 2012இல் டோரண்ட் கூட்டங்களைச் சோதித்தார்கள். பிரபலமான கோப்பு என்றால் சேர்ந்த 3 மணி நேரத்துக்குள் யாரோ நம் முகவரியைக் குறித்துக்கொள்கிறார்களாம். குறிக்கிறவர்களில் பலர் எந்தத் தடைப்பட்டியலிலும் இல்லை. ஊடுவழி என்று நீங்கள் சொன்னது இதுதான்.

நகரி நெசவு

பட்டியல் வீண் என்று ஒரேயடியாகச் சொல்ல வேண்டாம் தம்பி. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகத்தில் 2007இல் வந்த ஆய்வு ஒன்று உண்டு. பட்டியல் இல்லாமல் போனவர்கள் எல்லோரும் பட்டியலில் உள்ள முகவரியில் போய் முட்டினார்கள். அதிகம் எதிர்ப்பட்ட ஐந்து வரிசைகளை மட்டும் தவிர்த்தாலே அப்படி முட்டுகிற வாய்ப்பு 1 சதவீதம் அளவுக்கு இறங்கியது. ஆனால் அவர்கள் அளந்தது பட்டியலில் இருப்பவனைச் சந்திக்கிற வாய்ப்பைத்தான். பட்டியலில் இருப்பவன் உளவாளியா, உளவாளி பட்டியலில் இருக்கிறானா என்பது வேறு கேள்வி.

என் அனுபவம் வேறு மாதிரி. நான் லினக்ஸ் ஆள். உபுண்டு என்ற இலவச லினக்ஸின் கோப்பை இறக்கினால், நாலு பேருக்குத் திருப்பிக் கொடுக்க சீட் போட்டு வைப்பது வழக்கம். நகரியில் புது இணைப்பு எடுத்ததிலிருந்து ஒருவர்கூட என்னைத் தேடி உள்ளே வரவில்லை. ரவுட்டரில் போர்ட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வருகிற வாசலைத் திறந்தேன், பட்டியலை அணைத்தேன், ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் ரவுட்டரின் வெளி முகவரியைப் பார்த்தால் 100.64 என்று தொடங்குகிறது. இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளரை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்துவைக்க ஒதுக்கிய வரிசை அது. அதாவது எங்கள் தெருவில் பாதிப் பேருக்கும் வெளியுலகில் ஒரே ஐபியாக இருக்கலாம். ரேஷன் கடை முகவரியை எல்லோரும் வீட்டு முகவரியாகக் கொடுத்த மாதிரி. அந்த முகவரி ஏதாவது பட்டியலில் ஏறிவிட்டால் பக்கத்து வீட்டுத் தறிக்காரருக்கும் சேர்த்துத்தான் தடை.

அதற்காக மறைந்துவிட்டோம் என்றும் எண்ண வேண்டாம். எந்த நேரத்தில் எந்த போர்ட்டை யாருக்குக் கொடுத்தோம் என்ற பதிவு நிறுவனத்திடம் இருக்கும்.

ஐபியும் ஆளும் ஒன்றில்லை என்பதற்கு எனக்குப் பிடித்த கதை 2008இல் நடந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மூன்று ஆய்வாளர்கள், எதையும் இறக்காத தங்கள் பிரிண்டர்களின் முகவரியை, யார் யார் பகிர்கிறார்கள் என்று கணக்கு வைக்கிற டோரண்ட் டிராக்கரிடம் கொடுத்தார்கள். பிரிண்டருக்குக் காப்புரிமை நோட்டீஸ் வந்துவிட்டது!

ஏலக்காடு குமுளி

நான் சின்னதாகச் சொல்லிவிடுகிறேன். நம் ஐபியை மறைத்து வேறு சர்வர் வழியாக அனுப்புகிற விபிஎன் போட்டால் போதும் என்று நம்பியவள் நான். இங்கே மழைக்காலத்தில் கரண்ட் ஒரு நாளைக்குப் பத்து தடவை போகும். இன்வெர்ட்டருக்கு மாறுகிற நொடியில் ரவுட்டர் அணைந்து எழும், விபிஎன் விழும். டோரண்ட் மட்டும் மானம் ரோஷம் இல்லாமல் சொந்த ஐபியில் தொடரும். ஐபியைச் சோதித்துக் காட்டும் மேக்னட் இணைப்பு (டோரண்டைத் தொடங்கும் லிங்க்) ஒன்றைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. விபிஎன் முகவரிக்குக் கீழே, என் வீட்டு முகவரியும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. எத்தனை மாதமாகவோ!

கியூபிட்டோரண்ட் என்ற டோரண்ட் மென்பொருளின் மேல்நிலை அமைப்பில் எந்த நெட்வொர்க் வழியாகப் போக வேண்டும் என்று கட்டிப்போட ஒரு இடம் இருக்கிறது. அதில் விபிஎன்னைத் தேர்ந்தெடுத்தபின், அது விழுந்தால் டவுன்லோடும் நின்றுவிடும். 2022 ஏப்ரலில் விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டதும் பல நிறுவனங்கள் இந்திய சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. அதனால் இப்போது குமுளியில் உட்கார்ந்து சிங்கப்பூர் வழியாக மதுரைச் செய்தி படிக்கிறேன்.

களியக்காவிளை டாக்கீஸ்

ஓசியில் படம் பார்க்க இத்தனை பாடா மக்களே? அப்பா தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தார். வெள்ளிக்கிழமை படம் போட்டால் சனிக்கிழமை எல்லைக்கு அந்தப் பக்கம் சிடியில் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை எங்கள் தியேட்டரில் ஈ ஓட்டுவோம். அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸ்காரரை நான் சொல்லவில்லை.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

களியக்காவிளை அண்ணாச்சி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. முதலிலேயே ஒத்துக்கொண்டேன்.

குமுளி அக்கா, நீங்கள் சொன்ன சோதனையை என் வீட்டு இணைப்பில் செய்து பார்த்தேன். ஐபி என்னை எர்ணாகுளம் என்கிறது. கையிலிருக்கிற தமிழ்நாட்டு சிம்மில் பார்த்தால் சென்னை என்கிறது. கொழிஞ்சாம்பாறை எதிலும் இல்லை.

பலர் தனிச்செய்தியில், அந்தப் பெண் விண்ணப்பம் போட்டாளா என்று கேட்டிருந்தீர்கள். போட்டாள். காசு வாங்கவில்லை, பிரிண்டும் இலவசமாகக் கொடுத்தேன். அடுத்த வருஷம் அவள் அப்பா பலாப்பழம் ஒன்றைக் கடையில் இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

அப்புறம் அந்தப் பழைய சிபியூவில் நெட் கொடுத்து பியர்பிளாக்கைத் திறந்தேன். 2013இல் பட்டியல் கொடுக்கிற இடத்தில் காசு கட்டாதவர்களுக்கு வாரம் ஒருமுறைதான் என்று சுருக்கினார்கள், 2014க்குப் பிறகு மென்பொருளில் புதிய பதிப்பே வரவில்லை. புதுப்பிக்கச் சொன்னால் நாலு பட்டியலும் தோல்வி என்று காட்டியது. அதில் இருப்பதும் பழைய ஐபிவி4 முகவரிகள். இப்போது பாதிப் போக்குவரத்து ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையில் போகிறது. ஆனாலும் விடாமல் ஓடுகிறது. பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரே ஒரு வரி வந்தது. தடுக்கப்பட்டது: என் வீட்டுப் பிரிண்டர்.

நகரி அண்ணா, நோட்டீஸ் வந்தால் சொல்கிறேன்.