எசேக்கியாவின் சுரங்கம் – சிறுவர் சாகச நாவலுக்கு விவரம் தேவை

ஓலைச்சுவடி:
11–14 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாவல் எழுதத் திட்டம். களம் யூதா ராஜா எசேக்கியா ஆண்ட எருசலேம், கி.மு. 701, அசீரியா ராஜா சனகெரிப் படையெடுத்து வரும் காலம். நாயகன், கீகோன் ஊற்றுத் தண்ணீரை நகருக்குள் கொண்டுவரும் சுரங்கத்தில் கல் சுமக்கும் பையன். வேதத்தில் (பைபிள், 2 இராஜாக்கள் 20, 2 நாளாகமம் 32) அந்தச் சுரங்கம் ஓரிரு வசனத்தில் முடிந்துவிடுகிறது. மிச்சத்தை எங்கிருந்து எடுப்பது? ஒரே இரவில் அசீரியப் படையில் 1,85,000 பேர் சாகும் இடத்தை எப்படி எழுதுவது?

பழங்கலம்:
சுரங்கம் இன்றும் இருக்கிறது, சுமார் 533 மீட்டர். இரு முனையிலிருந்தும் இரண்டு குழுக்கள் குடைந்து நடுவில் சந்தித்தன. 1880-ல் தண்ணீர் வந்து சேரும் சீலோவாம் குளத்துப் பக்கச் சுவரில் கண்ட கல்வெட்டு (இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில்) அந்தக் கடைசிக் கட்டத்தைச் சொல்கிறது: மூன்று முழம் மிச்சமிருக்கையில் எதிர்ப்பக்கத்து ஆளின் குரல் கேட்டது, பிறகு எதிரெதிரே வெட்டிக்கொண்டே வந்தார்கள், தண்ணீர் 1,200 முழம் ஓடியது. உங்கள் உச்சக்கட்டம் அங்கேயே இருக்கிறது. அரசன் பெயர் அதில் இல்லவே இல்லை, வேலையாட்களின் பெருமைதான். பையனை நாயகனாக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

சுரங்கம் பல இடங்களில் ஓர் ஆள் அகலம்தான். அதனால் முகப்பில் ஒருவர் வெட்ட, மற்றவர்கள் வரிசையில் நின்று கல்லைக் கைமாற்றுவதாக எழுதுங்கள். காற்று கெட்டால் எண்ணெய் விளக்கு மங்கும், அதுவே ஆபத்து அறிவிப்பு. சந்திப்பு அருகே பாதை வளைந்து நெளிகிறது, தவறாக வெட்டிக் கைவிட்ட பொந்துகளும் உண்டு. எங்கே பலரும் சறுக்குவார்கள் என்றால், படை யூதாவின் அரணான ஊரான லாகீசுக்கு வந்தபிறகு தோண்டத் தொடங்கியதாக எழுதி. ஒரே ஆள் வெட்டும் வேலை சில வாரங்களில் முடியாது. சனகெரிப்பின் தந்தை சர்கோன் இறந்த கி.மு. 705-ஐ ஒட்டிக் கதையைத் தொடங்குங்கள்.

மைக்கூடு:
185,000 பற்றி: பையனை மதிலுக்குள்ளேயே வையுங்கள். அவன் இரவைப் பார்க்க வேண்டாம், காலையில் பாளயம் அமைதியாக இருப்பதைப் பார்த்தால் போதும். வேதம் சொல்வதற்கு மேல் விளக்கமும் வேண்டாம், மறுப்பும் வேண்டாம். சனகெரிப்பின் சொந்தப் பதிவிலும் எருசலேமைப் பிடித்ததாக இல்லை. 46 அரணான ஊர்களைப் பிடித்ததாகவும் எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் அடைத்ததாகவும் மட்டும் பெருமை. எசேக்கியா கட்டிய கப்பத்தில் பொன் வேதத்திலும் அவன் பதிவிலும் 30 தாலந்து (அக்கால எடை அளவு). வெள்ளி மட்டும் வேதத்தில் 300, அவன் கணக்கில் 800. கணக்கெழுதும் ஒரு பாத்திரம் இருந்தால் இந்த இடைவெளியே ஒரு அத்தியாயம்.

லாகீஸ் முற்றுகைக்கு அசீரியத் தலைநகர் நினிவேயின் அரண்மனைச் சிற்பங்களைப் பாருங்கள், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. மதிலிலிருந்து தீப்பந்தம் விழ, இடிக்கும் வண்டிமேல் ஒருவன் நீண்ட கரண்டியால் தண்ணீர் ஊற்றுகிறான். அப்படியே எழுதலாம்.

அப்புறம் காலப்பிழை. நாணயம் கிடையாது, சேக்கல் அப்போது எடை, சுமார் 11 கிராம், வெள்ளியைத் தராசில் நிறுக்க வேண்டும். குதிரைக்கு அங்கவடி இல்லை. சமையலில் தக்காளி, மிளகாய், மக்காச்சோளம் நுழையவே கூடாது. பிலிப்பு, அந்திரேயா போன்ற கிரேக்கப் பெயர்களும் வேண்டாம்.

ஓலைச்சுவடி:
நன்றி. உரையாடலை வேதாகம நடையில் எழுதலாமா?

பழங்கலம்:
பிள்ளைகள் நான்காம் பக்கத்தில் மூடிவிடுவார்கள். பையன்கள் சாதாரணமாகப் பேசட்டும், தீர்க்கதரிசி ஏசாயாவுக்கும் அரசனுக்கும் மட்டும் அந்த நடை. சனகெரிப் அனுப்பிய அதிகாரி ரப்சாக்கே மதிலடியில் நின்று ஜனங்களுக்குப் புரியும் பாஷையிலேயே மிரட்டும் காட்சியைச் சுருக்காதீர்கள். பதில் பேசக்கூடாது என்று எசேக்கியாவின் கட்டளை. வாய்த்துடுக்கான பையனை அந்த நேரத்தில் மதில்மேல் நிறுத்துங்கள்.