தனுஷ்கோடியில் பிறந்த எங்கள் அப்பத்தா: பழைய படங்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் உறவுகளே. எங்கள் அப்பத்தா போன மாதம் காலமானார். தொண்ணூறைத் தாண்டிய பிறகும் தன் கையால் கருவாடு காயப்போட்டவர்.

பிறந்து வளர்ந்தது தனுஷ்கோடியில். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போனது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. கைக்குழந்தையோடு தப்பி வந்து பாம்பனில் குடியேறினார். அப்புறம் பல வருடம் கடலில் மூழ்கிக் கடற்பாசி எடுத்தார். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி, பாறையிலிருந்து பிய்த்தெடுக்கும் வேலை. பிள்ளைகள் எல்லோரையும் படிக்க வைத்தது அந்தப் பாசிதான். அவரைப் போல உழைத்தவரை நான் பார்த்ததில்லை.

பேரப்பிள்ளைகள் சேர்ந்து ஒரு நினைவு மலர் தயாரிக்கிறோம். அவருடைய இளமைக்காலப் படம் ஒன்றுகூட இல்லை. புயலுக்கு முந்தைய தனுஷ்கோடியின் தெருக்கள், ரயில் நிலையம், தேவாலயம், இலங்கையின் தலைமன்னாருக்குப் போன கப்பல் நின்ற துறை, எது இருந்தாலும் கைபேசியில் படம் எடுத்து அனுப்புங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் அவரோடு பாசிக்குப் போன அக்காமார், ஆச்சிமார் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து அனுப்ப முடியுமா? ஐந்து நிமிடம் பேசினாலும் போதும்.