சிசேரியன் ஆன உடனே பால் கொடுக்க விடுவார்களா?

நெல்லை மருமகள்:
அடுத்த மாதம் எனக்குச் சிசேரியன். முதல் குழந்தை. "உங்களை வார்டுக்கு மாற்றும்வரை குழந்தை நர்சரியில் இருக்கும், அழுதால் பவுடர் பால் கொடுத்துக்கொள்வோம்" என்கிறார்கள் மருத்துவமனையில். வீட்டில் அத்தை, பெரிய மாமா கையால் சேனை வைக்க, அதாவது பிறந்ததும் குழந்தையின் நாக்கில் இனிப்புத் தொட்டு வைக்க, தேன் வாங்கி வைத்திருக்கிறார். "தையல் போட்ட உடம்பு, மூன்றாம் நாள்தான் பால் ஊறும்" என்கிறார். என் பாலைத்தான் குழந்தை முதலில் குடிக்க வேண்டும் என்பது என் ஆசை. யாரிடம் எப்படிப் பேசுவது?

வார்டு அக்கா:
பிரசவ வார்டில் செவிலியராக இருக்கிறேன் தங்கச்சி. இதை இப்போதே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். வலியோடு படுத்திருக்கும்போது யாரிடமும் வாதாட முடியாது.

முதுகில் ஊசி போட்டுச் செய்தால் நீங்கள் விழித்துத்தான் இருப்பீர்கள். இருவரும் நலமாக இருந்தால், தையல் போடும்போதே குழந்தையை உங்கள் வெறும் மார்பில் படுக்க வைக்கலாம். முழு மயக்கம் என்றால், தெளிந்ததும் கொடுக்கலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் குழந்தை நன்றாக விழித்திருக்கும், தானே காம்பைத் தேடும். பிறகு அசந்து தூங்கிவிடும். எழுப்பிப் பிடிக்க வைப்பது பெரும்பாடு.

முதல் நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதைப் பார்த்து "பால் இல்லை" என்று பெற்றவளிடமே சொல்பவர்கள் மேல் எனக்கு அடங்காத கோபம் வரும். அந்தச் சில சொட்டுகளில்தான் நோயை எதிர்க்கும் சத்து நிறைந்திருக்கிறது. பால் பெருக இரண்டு மூன்று நாள் ஆவது உண்மை. ஆனால் அதற்குக் குழந்தை அடிக்கடி சப்ப வேண்டும்.

தேன் வேண்டவே வேண்டாம். அதில் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். ஒரு வயது வரை கொடுக்கக் கூடாது. சேனை வைப்பவரின் குணம் வரும் என்பதற்காகத்தானே அத்தை கேட்கிறார்? பெரிய மாமா குழந்தையை மடியில் வைத்து ஆசீர்வதிக்கட்டும்.

குழந்தைக்குச் சர்க்கரை குறைவது போன்ற காரணத்தால் சில நேரம் வேறு பால் தேவைப்படலாம். அப்போது தடுக்காதீர்கள், காரணத்தை மட்டும் கேளுங்கள். மற்றபடி இலவசமாகப் பால் மாவு டப்பா கொடுத்தால் வாங்காதீர்கள். அப்படிக் கொடுப்பதை 1992ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது.

மதுரைக்காரி:
எனக்கும் சிசேரியன்தான். வயிற்றில் பாரம் படாமல், குழந்தையின் கால்கள் என் முதுகுப் பக்கம் போகும்படி கை இடுக்கில் அணைத்துக் கொடுத்தேன். தலையணை ஒன்று கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.

நெல்லை மருமகள்:
மருத்துவரிடம் பேசிவிட்டேன் அக்கா. முதுகில் ஊசிதானாம், குழந்தையை உடனே மார்பில் போடச் சொல்லிக் கோப்பில் எழுதினார். அத்தை இன்னும் மனம் இறங்கவில்லை. அடுத்த பரிசோதனைக்கு அவரையும் கூட்டிப்போகிறேன்.

வார்டு அக்கா:
நல்லது. தேனைப் பற்றி மருத்துவரையே அவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.