மூன்று நாளில் தூக்கிப் போட்ட இன்ஹேலர்

எனக்கு இழுப்பு, அதாவது ஆஸ்துமா, வந்து 11 வருஷம். அதில் முதல் 8 வருஷம், மூச்சு அடைத்தால் உடனே திறந்துவிடும் நீல இன்ஹேலரே கதி. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு அடைக்கும். எழுந்து உட்கார்ந்து இரண்டு பஃப். ஐந்து நிமிஷத்தில் நெஞ்சு திறந்துகொள்ளும். அந்தச் சுகம் கண்டவனுக்கு இன்னொரு மருந்து எதற்கு? காலையும் இரவும் இழுக்கச் சொல்லி டாக்டர் பியூடெசொனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் 200 மைக்ரோகிராம் எழுதினார். மூன்று நாள் இழுத்தேன், ஒன்றும் தெரியவில்லை. டப்பா அலமாரிக்குப் போய்விட்டது.

ஆறு மாதம் கழித்து ஒரு விடிகாலை, நீலத்தை எத்தனை தரம் இழுத்தும் கேட்கவில்லை. அவசரப் பிரிவு, மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் நெபுலைசர், ஆக்ஸிஜன், அப்புறம் ஐந்து நாளுக்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கேட்டார்: "வருஷத்துக்கு எத்தனை நீல டப்பா தீருது?" மாதம் ஒன்று என்றேன். ஒவ்வொன்றிலும் 200 பஃப். வருஷத்துக்கு மூன்று தீர்ந்தாலே ஆபத்தின் அறிகுறி என்றார். நீலம் மூச்சுக்குழாயைச் சுற்றிய தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் அழற்சியை, அதாவது வீக்கத்தை, தணிப்பது நான் அலமாரியில் போட்ட ஸ்டீராய்டு. அது தெரியவே ஒன்றிரண்டு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு மாதங்கள்கூட ஆகலாம். நான் மூன்று நாளில் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்!

இரண்டாம் முறை விடவில்லை. மூன்றாவது வாரம் ஒரு காலையில் பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது, அந்த வாரம் முழுக்க ராத்திரியில் எழுந்திருக்கவே இல்லை.

* * *

மேலே எழுதினவர் சொன்ன மாதிரி ஸ்டீராய்டு இன்ஹேலரை என் பையனுக்கு ஏழு வயசுல ஆரம்பிச்சாங்க. ஸ்டீராய்டுன்னு காதுல விழுந்ததுமே மாமியார், "பிள்ளை உடம்பு ஊதிடும், வளராது"ன்னு அழுதே விட்டாங்க. எனக்கும் பயம்தான். ஆனா டாக்டர் மழுப்பலை. மாத்திரை மில்லிகிராம் கணக்கு, ரத்தம் வழியா உடம்பு முழுக்கப் போகும். இன்ஹேலர் மைக்ரோகிராம், மில்லிகிராமில் ஆயிரத்துல ஒரு பங்கு, பெரும்பாலும் நுரையீரல்லதான் வேலை செய்யும்னார். உயரம் ஒரு சென்டிமீட்டர் போலக் குறையலாம்னும் அவரே சொன்னார். ஒவ்வொரு தடவை போகும்போதும் அளந்து பார்க்கிறார். மூச்சு வாங்காம ஓடுற பிள்ளைக்கு அந்த ஒரு சென்டிமீட்டர் போனா போகட்டும்னு மாமியாரே இப்ப சொல்றாங்க.

* * *

நான் இன்னொருவன், வகுப்பெடுக்கிறவன், குரல்தான் பிழைப்பு. ஸ்டீராய்டு இன்ஹேலர் ஆரம்பித்த இரண்டாம் மாதமே தொண்டை கம்மிப்போனது, நாக்கில் வெள்ளையாகப் படிந்தது. பூஞ்சைத் தொற்றாம். தப்பு என்னுடையது: இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அதோடு பம்பை முதலில் அழுத்திவிட்டு அப்புறம் இழுத்துக்கொண்டிருந்தேன், மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. இப்போது ஸ்பேசர், அதாவது பம்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழாய். நிதானமாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கிறேன். (பொடி இன்ஹேலர்காரர்களே, உங்களுக்கு நேர்மாறு. வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும்.) குரல் திரும்பிவிட்டது.

* * *

நானும் இந்த ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிற ஆள்தான். நல்லாத்தான் இருக்கோமேன்னு நானே நிறுத்தினேன். ஒரு மாசம் ஒண்ணுமில்லை. ரெண்டாவது மாசம் ஒரு சாதாரண சளி பிடிச்சுது, படியேறும்போது பாதியிலேயே நின்னுட்டேன். நல்லா இருந்ததே அந்த மருந்தாலதான்னு அப்போதான் புரிஞ்சுது. நிறுத்தவே கூடாதாங்க?

* * *

முதலில் எழுதியவன்தான். என் டாக்டர் மூன்று மாதம் தொந்தரவே இல்லாமல் இருந்த பிறகுதான் அளவைக் குறைத்தார், அதுவும் படிப்படியாக. நான் இப்போது காலையும் இரவும் 100 மைக்ரோகிராமில் நிற்கிறேன். நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுக் குறையுங்கள்.

மறதிக்கு ஒரு வழி: டப்பாவைப் பல் தேய்க்கும் பிரஷ் பக்கத்தில் வைத்துவிட்டேன். முதலில் மருந்து, பிறகு பிரஷ். வாய் கொப்பளிப்பதும் அதிலேயே முடிந்துவிடுகிறது. இன்னொன்று, டப்பாவின் எண் காட்டி பூஜ்யத்துக்கு வந்தபிறகும் 'புஸ்' என்று காற்று வரும். அதை நம்பி ஒரு வாரம் வெறும் வாயுவை இழுத்தவன் நான்.