காலண்டர் தாளில் ஒன்பது எண்கள்

2022 செப்டம்பரில் ஒரு நாள் இரவு 8.50 மணிக்கு மாமா போன் செய்தார். அம்மாவின் தம்பி, மதுரையில் இருக்கிறார், ரிட்டயர் ஆகி நாலு வருடம் ஆகியிருந்தது. "மாப்ளே, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றார். அந்த நேரத்துக்குச் சும்மா கூப்பிடுகிற ஆள் இல்லை அவர். மழையைப் பற்றியும் பென்ஷனைப் பற்றியும் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அத்தைக்குத் தெரிய வேண்டாம்" என்று ஆரம்பித்தார்.

நடந்தது இதுதான். சாயங்காலம் ஒரு எஸ்.எம்.எஸ். போன மாத பில் பதிவாகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு கரண்ட் கட், உடனே இந்த அதிகாரியைக் கூப்பிடவும் என்று ஒரு மொபைல் எண். மாமா பில் கட்டியிருந்தார். கட்டியும் இப்படி வருகிறதே என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். எதிரில் பேசியவன் மரியாதையாகப் பேசி, பத்து ரூபாய் கட்டினால் போதும், அதற்கு ஒரு செயலியைப் போட வேண்டும் என்றிருக்கிறான். செயலியைத் திறந்ததும் ஒன்பது இலக்க எண் ஒன்று வந்தது. அதைத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டு, மூன்று மூன்றாகப் படித்துக் காட்டினார். அந்த நிமிடத்திலிருந்து மாமாவின் போன் திரையில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரிந்தது. பத்து ரூபாய் கட்ட நெட்பேங்கிங் பாஸ்வேர்டை அடித்தார். 6.41க்கு 49,999 ரூபாய் போனது. 6.44க்கு 38,500.

"ஓ.டி.பி.யை யார்கிட்டயும் சொல்லலையேடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான், அவர் வாயைத் திறக்கவே இல்லை. ஓ.டி.பி. வந்து விழுந்த திரையைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஓ.டி.பி.யைச் சொல்லாதே என்று நாம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. யாரோ ஒருவன் போனில் பேசிக்கொண்டே ஒரு செயலியைப் போடச் சொன்னால் அங்கேயே போனை வைத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் அப்போது ஒரு மருந்து மொத்தக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அந்தச் செயலி மாமாவின் போனில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முதலில் டேட்டாவையும் வைஃபையையும் நிறுத்தினேன். செயலியின் திரை, கால் லாக், எஸ்.எம்.எஸ் எல்லாவற்றையும் என் போனில் படம் எடுத்த பிறகுதான் அதை அழித்தேன். என் போனிலிருந்தே வங்கிக்குப் பேசி நெட்பேங்கிங்கையும் கார்டையும் முடக்கினேன். அப்புறம் 1930, சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண். எந்த வங்கி, கணக்கு எண், தொகை, நேரம், ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள எண், இவ்வளவையும் கேட்டார்கள். ஸ்டேட்மென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை சீக்கிரம் முடியும். ஒப்புகை எண் வந்ததும் அன்றிரவே cybercrime.gov.in தளத்தில் (இந்திய அரசின் தளம்) புகாரை முழுதாகப் பதிந்தோம்.

முதல் தொகை அதற்குள் ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டாவதில் 31,000 மட்டும் அடுத்தவன் கணக்கில் மிச்சம் இருந்தது, அதை நிறுத்தி வைத்தார்கள். பல மாதம் அலைந்து, கோர்ட் உத்தரவு வாங்கித்தான் அது கைக்கு வந்தது. மீதிக்கு வங்கி கையை விரித்துவிட்டது. அப்போதிருந்த ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நம் கவனக்குறைவால் போன பணம் வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை நம் நஷ்டம், சொன்ன பிறகு போவதுதான் வங்கியின் பொறுப்பு.

6.44 முதல் 8.50 வரை மாமா மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்திருக்கிறார். அத்தை காபி கொண்டுவந்தபோது தலைவலி என்று சொல்லியிருக்கிறார். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பணம் கை மாறியது. அவரை நடக்க வைத்தது வெட்கம். நானும் அன்று வாசலில் நுழைந்ததும் "படிச்சவர்தானே மாமா" என்றுதான் கேட்டேன். அதை இன்றுவரை நினைத்து வருந்துகிறேன். உங்கள் வீட்டில் யாராவது பணத்தை விட்டுவிட்டு வந்து நின்றால் அன்று ஒரு வார்த்தை திட்டாதீர்கள். திட்டு விழும் என்ற பயம்தான் அடுத்த முறையும் அவர்களை மாடிக்கு அனுப்பும்.

போலீஸுக்குக் கொடுக்க, நிமிடத்துக்கு நிமிடம் நடந்ததை ஒரு தாளில் எழுதினேன். கணக்கு எழுதுவதிலிருந்து கணினிப் பாதுகாப்புக்கு என் வேலை மாறியது அந்தத் தாளால்தான். நூறு சதவீதம் வேலை உறுதி என்று விளம்பரம் போட்ட எத்திக்கல் ஹேக்கிங் வகுப்பில் நண்பன் ஒருவன் சேர்ந்தான். டூல்களின் பெயரைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நான் பழைய லேப்டாப்பில் நெட்வொர்க் அடிப்படைகளையும் விண்டோஸ் லாக் (கணினியில் நடப்பதெல்லாம் எண்ணோடு பதிவாகும் குறிப்பு) படிப்பதையும் இலவசப் பாடங்களில் கற்றேன். 4625 என்றால் தோற்ற லாகின், 4624 என்றால் உள்ளே போன லாகின். ஒரே கணக்கில் 4625 நாற்பது தடவை வந்து, பின்னாலேயே ஒரு 4624 வந்தால், யாரோ பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே வந்திருக்கலாம் என்று உடனே எழுந்து உட்கார வேண்டும். சென்னையில் ஒரு கணினிப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையத்தில் நேர்காணலுக்குப் போனேன். பி.காம். என்றதும் முகம் சுருங்கியது. நீங்கள் நேரில் பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றார்கள். மாமாவின் அந்த மாலையைச் சொன்னேன். செயலியை ஏன் உடனே அழிக்கவில்லை என்று மட்டும் குறுக்கே கேட்டார்கள். அழித்தால் ஆதாரம் போய்விடும், நெட்டை நிறுத்தினாலே அவன் கை அறுந்துவிடும் என்றேன். இரவு ஷிப்டில் வேலை கிடைத்தது.

வேலை தேடுகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. சேரும் முன் லேப்டாப் டெபாசிட் கேட்கிற ஆஃபர் லெட்டர் பொய். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி என்று கூட்டிப்போய் மியான்மரின் மியாவடிப் பக்கம் மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பையன்கள் 2022இல் மீட்கப்பட்டு வந்தார்கள். ஏஜென்ட் உரிமம் பெற்றவரா என்று, வெளிநாட்டு வேலைக்கான இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

போன மாதம் பகலில் மாமா போன் செய்தார். யூனிபார்ம் போட்ட ஒருவன் வீடியோ காலில் வந்து, உங்கள் ஆதாரில் கேஸ் இருக்கிறது, கேமராவை விட்டு நகரக் கூடாது என்றிருக்கிறான். மாமா பாதியிலேயே வைத்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் பேசினார். "மாப்ளே, மணி 11.20. நம்பரைச் சொல்றேன், எழுதிக்கோ." பின்னால் அத்தை, "ஸ்பீக்கர்ல போடுங்க" என்று சொல்வது கேட்டது.